இந்தியாவில் கார் ‘டோட்டல் லாஸ்’ ஆகிவிட்டால்: கிளெய்ம் முதல் அடுத்த கார் வரை, படிப்படியாக

விபத்தில் நொறுங்கிய கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து சர்வீஸ் அட்வைசர் போன் செய்து, “சார், இது டி.எல். கேஸ் மாதிரி தெரியுது” என்கிறார். டி.எல். என்றால் டோட்டல் லாஸ்: காரைப் பழுது பார்ப்பதைவிட அதன் மதிப்பைப் பணமாகக் கொடுத்து முடிப்பது. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் சொந்தக் காருக்கு ஒருமுறை இந்த வேலையைப் பார்த்தேன். பிறகு உறவினர், அலுவலக நண்பர்கள் என்று நான்கைந்து பேருக்குக் கூடவே அலைந்திருக்கிறேன். பணத்தை விட்டவர்களில் பெரும்பாலானோர் கொடுக்க வேண்டிய காகிதத்தைத்தான் கொடுத்தார்கள். கொடுத்த நாள்தான் தப்பு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இவையெல்லாம் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு, அதுவும் ஓன் டேமேஜ் (உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீடு) சேர்ந்த பாலிசி இருந்தால்தான் பொருந்தும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து காருக்கு எதுவும் வராது. எதிர் வண்டி மீது தப்பு இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பாலிசி முழுப் பிரதி (முதல் பக்கம் மட்டும் போதாது, கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்த ஆட்-ஆன்களின் பட்டியல் பின்னால்தான் இருக்கும்), ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பான், ஆதார், ரத்து செய்த காசோலை ஒன்று, காரின் இரண்டு சாவிகள், வாங்கியபோது கொடுத்த இன்வாய்ஸ், கடன் இருந்தால் கடைசி ஸ்டேட்மென்ட்.

இரண்டாவது சாவியை இன்றே தேடுங்கள். செட்டில்மென்ட் நேரத்தில் “டூப்ளிகேட் சாவி எங்கே?” என்ற ஒரு கேள்வியால் ஒரு வாரம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்வாய்ஸ் எதற்கு என்றால், ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ (டோட்டல் லாஸில் இன்வாய்ஸ் விலையைத் தரும்) ஆட்-ஆன் இருந்தால் கணக்கே அதிலிருந்துதான் தொடங்கும்.

2. சம்பவ இடம்: படம் எடுத்த பிறகே டோயிங்

காயம் பட்டவர்களுக்கு உதவி முதலில். அதில் சந்தேகமே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் ஓட்டுநருக்கு அதைத்தான் சொல்கிறது: மருத்துவ உதவி, காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல்.

அடுத்து, நான்கு பக்கமும் நம்பர் பிளேட் தெரியும்படி படம். எதிர் வண்டியின் நம்பரும், சாலையும் சேர்ந்து தெரியும்படி இன்னொன்று. கிளெய்ம் எண்ணை வாங்கியபின் வண்டியை நகர்த்துங்கள். சேதம் எப்படி ஆனது என்பதில் பின்னால் கேள்வி எழுந்தால், இந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) வாங்கி வையுங்கள். தீப்பிடித்த கார் என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை. வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கினால் உள்ளே உடையும். “நீங்கள் இயக்கியதால் வந்த சேதம்” என்று அந்தப் பகுதியைக் கழிக்க அது போதும்.

டோயிங் செலவுக்கு சாதாரண பாலிசியில் தனியார் காருக்கு ₹1,500 வரைதான் கிடைக்கும். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தால் அவர்களுடைய வண்டியையே கூப்பிடுங்கள்.

3. ஒர்க்‌ஷாப்பில்: எஸ்டிமேட் போடட்டும், பிரிக்க வேண்டாம்

சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி நியமிப்பவர்) பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பின் எது விபத்தில் போனது, எது கழற்றும்போது போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் பார்த்துவிட்டு, உள்சேதம் தெரியப் பிரிக்கச் சொன்னால் பிரிக்கலாம். அந்த அனுமதி மெயிலிலோ மெசேஜிலோ இருக்கட்டும்.

புதிதாக வருபவர்கள் தவறவிடும் செலவு இரண்டு. ஒன்று, எஸ்டிமேட் கட்டணம். பழுது பார்த்தால் பில்லில் கழிந்துவிடும். டோட்டல் லாஸ் ஆனால் கழிக்க பில்லே கிடையாது. இன்னொன்று பார்க்கிங். வேலை நடக்காத வண்டிக்கு நாள் கணக்கில் வாடகை போடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. என் கார் நாற்பது நாளுக்கு மேல் நின்றது; கடைசியில் வந்த பார்க்கிங் பில்லைப் பார்த்து, பேசித்தான் குறைத்தேன். வண்டியை விடும் நாளிலேயே இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சர்வேயர் தாமதமானால், “இன்ன தேதியிலிருந்து பார்க்கிங் கட்டணம் ஏறுகிறது” என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு வையுங்கள். தாமதம் யாருடையது என்பதற்கு அது பதிவு.

இதே நடையில் காருக்குள் இருக்கும் உங்கள் பொருட்களையும் எடுத்துவிடுங்கள்: டேஷ் கேமரா, மெமரி கார்டு, பில்கள், ஸ்டீரியோவில் பதிந்த போன் இணைப்பு. தொழிற்சாலையில் பொருத்தி வந்த பாகங்களைக் கழற்றாதீர்கள். கார் மதிப்பிடப்படும்போது அவையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

4. 75 சதவீதக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்த வேலையின் நடு முள் இதுதான். பழுது பார்க்கும் செலவும் மீட்கும் செலவும் சேர்ந்து, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’. “நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐ.டி.வி. என்பது உங்கள் பாலிசியில் அச்சிட்டிருக்கும் காரின் மதிப்பு. உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து வருவது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேராது.

ஒரு கற்பனைக் கணக்கு. பட்டியல் விலை ₹10 லட்சம், பாலிசி தொடங்கியபோது வயது மூன்றைத் தாண்டியது. ஐ.டி.வி. ₹6 லட்சம், அதில் 75 சதவீதம் ₹4.5 லட்சம். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ₹6.8 லட்சம். பார்த்தவுடனே “தாண்டிவிட்டதே” என்று தோன்றும். ஆனால் சர்வேயர் அதை அப்படியே எடுக்க மாட்டார். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதமும், இந்த வயதுக் காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும் தேய்மானம் கழிப்பார். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இப்படிக் கழித்து ₹4.7 லட்சம் வந்தால் டோட்டல் லாஸ். ₹4.3 லட்சம் வந்தால் அது ரிப்பேர் கேஸ்; மீதி இரண்டரை லட்சம் உங்கள் கையிலிருந்து.

ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் இருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இல்லாமல் போகும். அதனால் அதே கார் எளிதாக 75ஐத் தாண்டும். ஆகவே சர்வேயர் உங்கள் ஆட்-ஆனைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள். சர்வே அறிக்கையின் பிரதியையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். விட்டுப்போன பாகங்கள் இருந்தால் படத்தோடு பட்டியல் போட்டு அனுப்பலாம். எல்லைக் கோட்டில் நிற்கும் கேஸ்களில் சேஸிஸ் வளைவு, வயரிங், ஏர்பேக் சென்சார் போன்ற கண்ணுக்குத் தெரியாத பாகங்கள்தான் முடிவைப் புரட்டும்.

ஒர்க்‌ஷாப் ஆள் சில நேரம், “எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஏத்திடலாம் சார்” என்பார். வேண்டாம். உடையாத பாகத்தைச் சேர்த்தது தெரிந்தால், உடைந்த பாகத்துக்கும் சேர்த்தே சந்தேகம் வரும்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: “இப்போ மார்க்கெட்ல இந்தக் கார் அவ்வளவு போகாது சார்.” பாலிசிக் காலம் முழுக்க, டோட்டல் லாஸ் கிளெய்முக்கு ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது என்பது மோட்டார் பாலிசியின் வழக்கமான வாசகம். உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிக் கோடிட்டு அனுப்பினால் பேச்சு நின்றுவிடும்.

5. நொறுங்கிய காரின் ஏலம்

டோட்டல் லாஸ் என்று முடிவானதும் கம்பெனி காரின் படங்களை ஆன்லைன் ஏலத்தில் போடும். பழைய வண்டி வியாபாரிகள் விலை சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டு விலை வரும்: ஆர்.சி.யோடு ஒன்று, ஆர்.சி. ரத்தான பிறகு ஒன்று. பொதுவாக முதலாவதுதான் அதிகம்.

பல கம்பெனிகள் தரும் தொகை, ஐ.டி.வி.யிலிருந்து சால்வேஜ் விலையையும் (நொறுங்கிய காருக்கு ஏலத்தில் வந்த விலை) கட்டாயக் கழிவையும் (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) கழித்து வருவது. கட்டாயக் கழிவு 1500 சி.சி. வரை ₹1,000, அதற்கு மேல் ₹2,000. நீங்களாகவே கூடுதல் கழிவை ஏற்கும் ‘வாலன்டரி டிடக்டிபிள்’ எடுத்து பிரீமியம் குறைத்திருந்தால் அதுவும் கழியும். மேலே சொன்ன காருக்கு ஏல விலை ₹1.4 லட்சம் என்றால், கம்பெனி தருவது ₹4,59,000. அந்த ₹1.4 லட்சம் வியாபாரி உங்களுக்குத் தர வேண்டியது. கம்பெனி அதை முன்பே கழித்துவிட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். வியாபாரி தராவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதனால் இரண்டு கேள்விகளை மெயிலில் கேளுங்கள். இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும்? வியாபாரி பின்வாங்கினால் அந்த விலைக்கு யார் பொறுப்பு? யோசிக்கிறேன் என்று நாட்களைத் தள்ளி, ஏலத் தேதி காலாவதியாகி, மறு ஏலத்தில் முப்பதாயிரம் குறைந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. உள்ளூரில் தெரிந்த வியாபாரி அதிகம் தந்தால் அவருக்கே விற்கலாமா என்பதையும் கேளுங்கள். பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

ஆர்.சி.யோடு விற்பதா, ரத்து செய்து விற்பதா? என் பதில் ஒன்றுதான்: ரத்து செய்யுங்கள். நொறுங்கிய காரின் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் திருட்டுக் காருக்குச் சட்டை மாட்டப் பயன்படும் பொருள். என் மைத்துனர் கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டு, பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, வேறு மாநிலத்தில் அந்த நம்பர் வேகமாகப் போனதாக அவர் போனுக்கு இ-சலான் வந்தது. அதோடு போனால் அதிர்ஷ்டம். விபத்தானால், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

6. கடன் இருந்தால்: யார் பணம் முதலில்

பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான். மிச்சம்தான் உங்களுக்கு. கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று சொல்லும் ‘ஃபோர்குளோஷர் லெட்டர்’ ஒன்றை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் தொகை, செல்லுபடித் தேதி, அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு ஏறும் வட்டி மூன்றும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். ஆர்.சி. ரத்தானால்தான் பணம் என்பார் கம்பெனிக்காரர். கடன் அடைந்தால்தான் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று) என்பார் வங்கிக்காரர். என்.ஓ.சி. இல்லாமல் ஆர்.டி.ஓ.வில் ரத்து நடக்காது. வழி இது: கடன் தொகையை மட்டும் கம்பெனி முதலில் நேராக வங்கிக்கு அனுப்பட்டும், என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வந்தபின் ஆர்.சி. ரத்து; அதன் பிறகு உங்கள் பங்கு. இதை நீங்களே எழுதிக் கேட்க வேண்டும். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அதுவரை இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கார் இல்லை என்பது வங்கிக்குக் காரணமே அல்ல. ஒரு தவணை திரும்பினால் சிபில் மதிப்பெண் அடிபடும். அடுத்த காருக்குக் கடன் கேட்கப் போகும் நேரத்தில் அது தேவையா? கடன் பாக்கி கிளெய்ம் தொகையைவிட அதிகமென்றால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். முன்பணம் குறைவாகக் கட்டி ஏழு வருடக் கடன் எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

7. கையெழுத்து, சாவி, ஆர்.சி.: கையை விட்டுப் போகும் வரிசை

முதலில் கம்பெனியிடமிருந்து கணக்கு எழுத்தில் வரட்டும்: ஐ.டி.வி., ஆட்-ஆன் தொகை, கழிவு, சால்வேஜ், வங்கிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு. போனில் சொன்ன தொகைக்குச் சம்மதக் கடிதம் கொடுக்காதீர்கள்.

கணக்கு சரியென்றால் சம்மதக் கடிதம். வியாபாரியின் பணம் உங்கள் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் பார்த்த பிறகு கார், சாவி. மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். காரை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், சேஸிஸ் எண், வாங்குபவரின் அடையாள அட்டை நகல், கையெழுத்து எல்லாம் உள்ள ஒப்படைப்புக் கடிதம் ஒன்று. நம்பர் பிளேட்டுகளைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யும்போது ஆர்.டி.ஓ. கேட்கலாம்.

தொகை, தேதி, பெயர் என்று எந்தக் கட்டம் வெறுமையாக இருந்தாலும் அந்தக் காகிதத்தில் கையெழுத்து போடாதீர்கள். “ஃபார்மாலிட்டி சார்” என்பார்கள். நிரப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிட வேலை அது.

8. ஆர்.சி. ரத்தும் அதோடு வரும் சில்லறை வரவுகளும்

வண்டி அழிந்துவிட்டால் அல்லது இனி ஓடவே ஓடாது என்றால், உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது முடிந்த அளவு விரைவாக, பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு. நிலுவையில் உள்ள இ-சலான்களை முதலில் கட்டிவிடுங்கள். அவை இருந்தால் விண்ணப்பம் நகராது. ரத்தான பிறகு மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மூன்று வேலை. பல மாநிலங்களில் ஆயுள் வரி கட்டிய வண்டியின் பதிவு ரத்தானால், மீதி காலத்துக்கான வரியில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம், ஆர்.டி.ஓ.வில் விசாரியுங்கள். புதுக் கார் வாங்கியபோது எடுத்த மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி பாலிசியில் இன்னும் வருடங்கள் மிச்சமிருந்தால், டோட்டல் லாஸ் அதை ரத்து செய்ய ஏற்ற காரணம்; மீதிப் பிரீமியத்தை எழுதிக் கேளுங்கள். ஃபாஸ்டேக்கை மூடி, மிச்சத் தொகையை எடுங்கள்.

விபத்தில் வேறு யாருக்காவது காயமோ உயிரிழப்போ இருந்தால், பாலிசி, லைசென்ஸ், ஆர்.சி. நகல்களைப் பல வருடம் பத்திரமாக வையுங்கள். கார் போய்விட்டாலும் தீர்ப்பாய சம்மன் வரும்.

9. இழுத்தடித்தாலோ குறைத்தாலோ

2024இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பாலிசிதாரர் பாதுகாப்புச் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. இந்த எண்களை மெயிலில் குறிப்பிட்டாலே சுருதி மாறும்.

அசையவில்லை என்றால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். இரண்டு வாரத்தில் தீரவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசா அல்லது 155255 என்ற போன் எண். அதற்கும் மேலே இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (புகாரை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி): ₹50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்த பிறகோ, அவர்கள் மறுத்த பிறகோதான் போக முடியும். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நடந்துகொண்டிருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எனவே எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். என் யோசனை, முதலில் ஆம்பட்ஸ்மேன்.

பண நெருக்கடியில் குறைந்த தொகையையே வாங்க வேண்டி வந்தால், பணம் பெற்றதற்குக் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் “ஆட்சேபத்துடன் பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதையே அன்றைக்கே மெயிலிலும் அனுப்புங்கள்.

10. அடுத்த கார்

செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வரும் முன் புக்கிங் போடாதீர்கள். டெலிவரித் தேதி நெருங்கினால் அவசரத்தில் குறைந்த தொகைக்குத் தலையாட்டிவிடுவோம். நானே கிட்டத்தட்ட அப்படிச் செய்யப் பார்த்தேன். இடைப்பட்ட நாட்களுக்கு வாடகைக் கார், பெரும்பாலும், அந்த இழப்பைவிட மலிவு.

டீலர் போடும் இன்ஷூரன்ஸ் கணக்கில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கிளெய்ம் வாங்கியவருக்கு அது கிடையாது. “சும்மா போட்டுக்கலாம் சார், யார் பார்க்கப் போறா?” என்பார்கள். அடுத்த கிளெய்மில் பார்ப்பார்கள். பொய்யான போனஸ் அறிவிப்பு ஓன் டேமேஜ் கிளெய்மையே மறுக்கக் காரணமாகும்.

பிரீமியம் குறைய வேண்டும் என்று ஐ.டி.வி.யைக் கீழே இறக்காதீர்கள். சில ஆயிரம் மிச்சம் பிடித்து லட்சங்களை விடுவது அங்கேதான். புதுக் கார் என்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எடுங்கள், கடன் பெரிதென்றால் கட்டாயம் எடுங்கள். அது எத்தனை வருடம் வரை கிடைக்கும், சாலை வரியும் அதில் சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆட்-ஆன் வாசகத்தை டெலிவரிக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். இரண்டாவது சாவியை எங்கே வைத்தீர்கள் என்பதையும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.